ஒரு நாள் முந்திய வீடு

26 மே 2017, வெள்ளி

நவ்ஃபல் போன வருஷக் கடைசியில் துபாயிலிருந்து கொடுத்தனுப்பிய டைரியை இன்றைக்குத்தான் பிரித்தேன். சிவப்பு ரெக்சின் அட்டை, அவன் கம்பெனி பெயர் பொன்னெழுத்தில். பெற்ற பிள்ளை கொடுத்ததை ஐந்து மாதம் பீரோவில் பூட்டிவைத்தது பிசகுதான். என் தங்கை மர்ஜானாவின் மகள் ஹஃப்ஸாவுக்குக் கல்யாணம் வருகிறது, வேலை தலைக்குமேல் கிடக்கிறது, எழுதிவைக்காவிட்டால் எனக்கு எதுவும் நினைவில் நிற்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே என்று தினமும் நான்தான் சொல்கிறேன். இருக்கட்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கிலத் தேதிக்குக் கீழே அரபித் தேதியும் அச்சிட்டிருக்கிறது. நாளைய பக்கத்தில் ரமலான் 1 என்று இருந்தது. இவர் எட்டிப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், அடித்தார். "இந்த வீட்டுல நாளைக்கு ஷஃபான் முப்பது" என்று எழுதியும் கொடுத்தார், நோன்புக்கு முந்திய மாதம் இன்னும் முடியவில்லையாம். முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். கண்ணால் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஏட்டில் ஏறாத எதுவும் இவரைப் பொறுத்தவரை நடக்காதது. அதனால்தான் பெரிய பள்ளிவாசலில் பதிவேட்டுக்கும் பிறைக் கமிட்டிக்கும் இவரைச் செயலாளராக வைத்திருக்கிறார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஆட்களோடு கடற்கரையில் நின்று பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பிறை தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், தங்கை வீட்டில், நேற்றே முடிவாகிவிட்டது. சவூதியில் அறிவித்துவிட்டார்கள், நாளைக்கே நோன்பு. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். எங்கள் உம்மா இரண்டு மகளுக்கும் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டி, இரண்டு அடுப்படிக்கும் நடுவே ஒரு கதவும் வைத்தார். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் இப்போது இரண்டு மாப்பிள்ளைகள், இரண்டு பள்ளிவாசல், இரண்டு ரமலான். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. இதுவரை போட்டதில்லை.

27 மே, சனி. எங்களுக்கு ஷஃபான் 30, அவர்களுக்கு நோன்பு 1

மர்ஜானா நோன்பு வைத்திருக்கும்போது நான் எப்படி மீன் பொரிப்பது? மணம் கதவைத் தாண்டிப் போகும். இவருக்கு மத்தியானம் காலையில் மிஞ்சிய இட்லியும் மோரும் வைத்தேன். "நமக்கு இன்னிக்கு நோன்பு இல்லையே முத்து?" என்றார். "அடுப்பு சரியில்ல" என்றேன். ஆறு வருஷமாக, வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் எங்கள் அடுப்பு சரியாக இருப்பதில்லை. இவரும் அதற்குமேல் கேட்பதில்லை.

28 மே, ஞாயிறு. எங்களுக்கு 1, அவர்களுக்கு 2

நோன்பு நல்லபடியாகப் போனது. அரிசி இடித்தது, கஞ்சிக்குப் பருப்பு உடைத்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிரைண்டர்.

தங்கை மாப்பிள்ளை பாக்கரைப் பற்றி எழுதவேண்டும். ஜித்தாவில் பதினைந்து வருஷம் எலெக்ட்ரீசியனாக இருந்துவிட்டு வந்தவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. என் வீட்டு மின்விசிறி நான்கையும் அவர்தான் கழற்றி மாட்டினார், அதுவும் இவர் வெளியே போன நேரம் பார்த்து. இவருக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. சகலைமார் இருவரும் "அந்த வீட்டுல சொல்லு" என்று என்னிடமும் மர்ஜானாவிடமும் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளுகிறார்கள். போன மழைக்கு மாடித் தண்ணீர் அவர்கள் பக்கம் ஒழுகியபோது, இரண்டு பேரும் அவரவர் மாடியில் நின்றுகொண்டு, நடுவில் என்னை வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்குத்தான் தொண்டை கட்டியது.

30 மே, செவ்வாய். 3 / 4

ஹஃப்ஸாவுக்கு நாள் குறித்தாயிற்று. ஜூலை 2, ஞாயிறு. மாப்பிள்ளை முஜம்மில் தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருக்கிறான், 24ஆம் தேதி லீவில் வருகிறான். நல்ல பிள்ளை. போனில் என்னையும் கேட்டு வாங்கி சலாம் சொல்கிறான்.

ஆனால் இன்று சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் பெரிய பள்ளியைச் சேர்ந்தவர்கள். நிக்காஹ் பெரிய பள்ளி தஃப்தர் ஏட்டில் ஏறவேண்டும். அதற்குப் பெண்ணின் வாப்பா பெயர் அந்தப் பள்ளிப் பதிவில் இருக்கவேண்டும், அல்லது செயலாளர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும். பாக்கர் பெயரை ஆறு வருஷம் முன்பே அடித்துவிட்டார்கள். செயலாளர் யார்? இந்த வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்தான்.

பெருநாள் கழிந்து இரண்டாம் நாளைக்குள் கடிதம் கைக்கு வராவிட்டால் கல்யாணம் அடுத்த லீவுக்குத்தான் என்றாராம். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் அந்த வீட்டில் வேறு பெண் பார்த்துவிடமாட்டார்களா?

நோன்பு திறந்ததும் இவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன, ஹஃப்ஸா என் மகள் இல்லையா? அன்னைக்குச் சொன்ன சாட்சி தவறுன்னு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. அன்னைக்கே பேரை ஏத்துறேன், லெட்டரும் தர்றேன்."

கதவைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். பாக்கர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "பார்த்தது நானில்ல மச்சி, உங்க தங்கச்சி. என் பொஞ்சாதி பொய் சொன்னான்னு நான் எழுதணுமா? காக்கா கிட்டச் சொல்லுங்க, முடியாது." பேச்சில்லாவிட்டாலும் இவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பதை அவர் விடவில்லை.

மர்ஜானா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பழைய கதையை இங்கே எழுதவேண்டாம். ஊருக்கே தெரிந்ததுதான்.

2 ஜூன், வெள்ளி. 6 / 7

கல்யாணப் பத்திரிகை. ஜூலை 2க்கு அரபித் தேதி என்ன போடுவது? பாக்கர் எழுதிக் கொடுத்தது ஷவ்வால் பிறை 8. இவர் அதை வாங்கிப் பார்த்து ஷவ்வால் பிறை 7 ஆக்கினார். "பெருநாளே இன்னும் வரல, பிறையே யாரும் பார்க்கல, அதுக்குள்ள ரெண்டு பேரும் தேதி சொல்றீங்க" என்றேன். இவர் சற்று யோசித்து, 7க்குப் பக்கத்தில் 'இன்ஷா அல்லாஹ்' சேர்த்தார்.

கடைசியில் அச்சகத்துக்காரர் இரண்டு வகையாக அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். பெரிய பள்ளிக்காரர்களுக்கு 7, பாக்கரின் புதுப் பள்ளிக்காரர்களுக்கு 8. இந்த ஊரில் இது அவருக்குப் பதினோராவது ஆர்டராம். ஹஃப்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரிம்மா, எனக்கு ரெண்டு கல்யாண நாள். ரெண்டு பரிசு கேட்பேன்." சிரித்து முடித்ததும், "லெட்டர் கிடைச்சிருமா பெரிம்மா?" என்றாள். கிடைக்கும் என்றேன்.

5 ஜூன், திங்கள். 9 / 10

டிவியில் செய்தி பார்த்தேன். சவூதியும் துபாய்க்காரர்களும் பஹ்ரைனும் எகிப்தும் சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டார்களாம். விமானம் இல்லை, கப்பல் இல்லை, சாலையையும் மூடியாயிற்று. நோன்பு மாதத்தில்! முஜம்மில் எடுத்த டிக்கெட் ஷார்ஜா வழி. அது போச்சு.

இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பார்த்தியா? இவஹ பிறையைத்தான் அந்த வீட்டுல நம்புறாஹ" என்றார். ஒரு மாதிரி சந்தோஷம் குரலில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க நம்ம வீட்டு மாப்பிள்ளை மாட்டிக்கிட்டிருக்கான். உங்களுக்குப் பிறையா இப்ப?" என்றேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனார்.

8 ஜூன், வியாழன். 12 / 13

நவ்ஃபல் போன் செய்தான். "உம்மா, அந்த நாட்டுப் பேரை போன்ல சொல்லாதீங்க. அவங்களுக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை எழுதினாக்கூட இங்க ஜெயில்னு அறிவிச்சிருக்காங்க" என்றான். முஜம்மிலும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது ஒருவனுக்கு ஒருவன் மெசேஜ் அனுப்பவே பயம்.

அதனால் அடுப்படியில் கூடி ஒரு ஏற்பாடு செய்தோம். தோஹா இனிமேல் ராமேஸ்வரம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால். துபாய் மதுரை. சாயங்காலம் நவ்ஃபல் மறுபடி கூப்பிட்டபோது மர்ஜானா போனைப் பிடுங்கி, "மருமகன் ராமேஸ்வரத்துல சுகமா இருக்கார் தம்பி, மதுரைக்குத்தான் பஸ் இல்லையாம்" என்றாள். "சாச்சி, உங்களுக்கு நோன்புல தலை சுத்துதா?" என்று கேட்டான். பிறகு புரிந்து சிரித்தான். அவன் சிரித்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

11 ஜூன், ஞாயிறு. 15 / 16

பாக்கர் இன்று கதவோரம் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக வந்தால் ஏதாவது கழற்றுவார். இன்று சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒரே பிறை, ஒரே பெருநாள்னா எல்லாரும் ஒண்ணாயிருவோம்னு நினைச்சேன் மச்சி. ஜித்தாவுல ஒரு சஃப்புல, தொழுகை வரிசையில நின்னா யார் எந்த நாடுன்னே தெரியாது. தோள் தோளா நிப்போம். இப்ப பாருங்க. அங்க எல்லாருக்கும் ஒரே நாள்தான் நோன்பு, ஒரே நாள்தான் பெருநாள். பால் லாரியைக்கூட விடமாட்டேங்குறாஹ."

"இங்க ரெண்டு நாள் வச்சும் இந்தக் கதவு திறந்துதானே கிடக்கு" என்றேன். "கதவு நீங்களும் இவளும் திறந்து வச்சது. நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள வந்தோமா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நான் வெங்காயத்தை எடுத்தேன்.

இவர் கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பாக்கர் போனபின் வந்தார். இன்றைக்கும் கிண்டல் பண்ணினால் கஞ்சி கிடையாது என்று நினைத்திருந்தேன். "அந்த வீட்டுல சொல்லு. மஸ்கட் வழியா திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் இருக்காம். என் தம்பி மகன் மஸ்கட்ல இருக்கான், பேசிட்டேன், மாப்பிள்ளை பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பச் சொல்லு" என்றார்.

"லெட்டர்?"

"அது வேற."

இப்படி ஒரு மனிதரோடு முப்பத்திரண்டு வருஷம். எந்த இடத்தில் இளகுவார், எந்த இடத்தில் கல்லாக நிற்பார் என்று இன்னும் பிடிபடவில்லை.

14 ஜூன், புதன். 18 / 19

மாடியறைக்கு வெள்ளையடிக்கிறார்கள், புது மாப்பிள்ளைக்கு. சுண்ணாம்பு வாசனை.

சரி, எழுதிவிடுகிறேன். ஆறு வருஷம் முன்பு நோன்பு 29. நோன்பு திறந்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க நானும் மர்ஜானாவும் மாடிக்குப் போனோம். மர்ஜானா பிறை பார்த்தாள். ஓடிப்போய் பாக்கரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கு ஓடுவதற்குள் இவர் மைக்கில் "பிறை தென்படவில்லை, நாளையும் நோன்பு" என்று அறிவித்துவிட்டார். வழக்கமாக இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். இவர் செயலாளராகி அப்போது இரண்டு மாதம்தான், கொஞ்சம் அவசரப்பட்டார்.

இமாமும் கமிட்டியில் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே விசாரிக்க வந்தார்கள். இவரும் அவர்களோடு. பக்கத்து ஊரிலும் யாரோ பார்த்ததாகத் தகவல் இருக்கிறது, மாடியில் இருந்த இரண்டு பெண்களும் ஒன்றுபோலச் சொன்னால் காஜியிடம் பேசலாம் என்றார் இமாம். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றோம். மர்ஜானா சொன்னாள். என்னைக் கேட்டார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

அவ்வளவுதான். மர்ஜானா பேச்சு எடுபடவில்லை. பொய்ச்சாட்சி என்று ஏட்டில் ஏறியது. பாக்கர் அன்றே வெளியேறி, இன்னும் நாற்பது குடும்பங்களோடு புதுப் பள்ளி கட்டினார். உள்ளூர்ப் பிறையே வேண்டாம், மக்காவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள்.

துணியும் மடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

15 ஜூன், வியாழன்

சுண்ணாம்பு இரண்டாம் பூச்சு.

18 ஜூன், ஞாயிறு. 22 / 23

மர்ஜானா ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். பாக்கர் கடைக்குப் போயிருந்தார்.

"லாத்தா, நான் பொய்ச் சாட்சி சொன்னேன்னு எழுதிக் கொடுத்துர்றேன். இவஹளுக்குத் தெரிய வேணாம். என் எழுத்து கோணலா இருக்கும், நீயே எழுது. கீழ கையெழுத்து மட்டும் நான் போடுறேன்."

"பைத்தியமா உனக்கு? நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன். அதுக்கென்ன? பிள்ளை மூணு நாளா சாப்பாட்டை அளைஞ்சுக்கிட்டு இருக்கா. ஆறு வருஷமா ஊரே என்னைப் பொய்க்காரின்னுதானே சொல்லுது. இன்னொரு தாள்ல எழுதினா என்ன கூடிரும்?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அழுகையாக வந்தது. பேனாவை வாங்கினேன். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பிறை பார்த்ததாக நான் சொன்னது உண்மையல்ல.' என் எழுத்து நன்றாக இருக்கும், உம்மாவே சொல்வார். கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து என் கையில் வைத்தாள். "காக்கா கிட்ட நல்ல நேரம் பார்த்துக் கொடு."

தாள் இந்த டைரிக்குள்தான் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.

21 ஜூன், புதன். 25 / 26

கொடுக்கவில்லை.

முஜம்மிலுக்கு மஸ்கட் டிக்கெட் உறுதி.

24 ஜூன், சனி. 28 / 29

முஜம்மில் வந்துவிட்டான்! பதினாறு மணி நேரம் சுற்றி. இளைத்திருக்கிறான், வெயில் பட்டுக் கறுத்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டுப் படியேறக்கூடாது என்று வாசலிலேயே நின்றான். இவர் தெருவில் இறங்கிப்போய்க் கட்டிப்பிடித்தார்.

அவன் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவர்கள் ஆபீசில் ஒரு சவூதிக்காரராம். ரமலானில் தினமும் மத்தியான லுஹர் தொழுகைக்கு அவர்தான் இமாமாக நிற்பாராம். பதினான்கு நாளில் எல்லோரும் ஊர் திரும்பவேண்டும் என்று உத்தரவு வந்ததும், தான் தொழும் முசல்லாப் பாயைச் சுருட்டி இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். "அடுத்த வருஷம் திருப்பித் தான்னு சொன்னார் மாமி. அடுத்த வருஷம்னு அவர் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்ல."

யாரோ எங்கேயோ ஒரு வார்த்தை சொல்கிறார்கள், தோளோடு தோள் நின்றவர்கள் பாயைச் சுருட்டுகிறார்கள். அரண்மனையில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லவேண்டும் என்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்றும் சொல்லலாம்.

சவூதியில் இன்று பிறை பார்த்துவிட்டார்கள். நாளைக்கு மர்ஜானா வீட்டில் பெருநாள்.

25 ஜூன், ஞாயிறு. எங்களுக்கு நோன்பு 29, அவர்களுக்குப் பெருநாள்

அவர்கள் பெருநாளுக்கு நான்தான் பிரியாணி போடுவது. எங்கள் பெருநாளுக்கு அவள். எனக்கு நோன்பு, ருசி பார்க்க முடியாது, மர்ஜானா கரண்டியில் எடுத்து உப்புப் பார்ப்பாள். இன்றும் பார்த்தாள். "கொஞ்சம் தூக்கல்" என்றாள். என் கண்ணீர் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாளைக் கொடுத்துவிட்டாயா என்று கேட்கவில்லை. புதுச் சேலையில் என் தங்கை அவ்வளவு அழகு.

நோன்பு திறந்ததும் இவர் கடற்கரைக்குச் செருப்பை மாட்டினார். "கடற்கரைக்கு வேற யாராவது போகட்டும். நம்ம மாடிக்கு வாங்க" என்றேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதே மாடி, அதே கொடிக்கயிறு. பனங்காட்டுக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது.

தாளை நீட்டினேன். படித்தார். "நல்லதாப் போச்சு. உன் கையெழுத்தா?" என்றார்.

"நான்தான் எழுதினேன். இது பொய். அன்னைக்கு நானும் பார்த்தேன்."

இவர் புரியாமல் பார்த்தார்.

"நானும் பார்த்தேங்க. அவதான் முதல்ல காட்டினா. ரெண்டு பேரும் ஒண்ணா சலவாத்து சொன்னோம். அவ கீழ ஓடினா, நான் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மைக்குல உங்க குரல் கேட்டுச்சு."



அந்த நேரம் பார்த்துப் பிறை தெரிந்தது, பனைக்கு மேலே, சின்னஞ்சிறுசாக. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு இவர் படியிறங்கிப் பள்ளிக்குப் போனார். கால் மணி நேரத்தில் மைக்கில், "பிறை தென்பட்டது, நாளை பெருநாள்" என்று கேட்டது. குரல் கம்மியிருந்தது.

26 ஜூன், திங்கள். பெருநாள்

தொழுதுவிட்டு வந்தார். என்னிடம் பேசவில்லை. மர்ஜானா கொண்டுவந்த வட்டலப்பத்தைத் தொட்டுவிட்டு வைத்தார். ஆறு வருஷம் ஒரு மனிதரை ஊர் முன்னால் தப்பு செய்ய வைத்திருக்கிறேன். கோபப்பட்டுக் கத்தினால்கூடத் தேவலை. நான் இவரைக் காப்பாற்றத்தான் செய்தேன். அதை இவரிடம் சொன்னால் இன்னும் வலிக்கும்.

நாளை மறுநாள் கெடு.

27 ஜூன், செவ்வாய். ஷவ்வால் 2 / 3

காலை பத்து மணிக்கு வாசலில் ஆள் அரவம். இமாமும், அன்று வந்த மூன்று பேரில் உயிரோடு இருக்கும் இரண்டு பேரும். இவர் நேற்று மாலையே போய் அழைத்திருக்கிறார். கூடத்தில் அதே இடத்தில் பாய் விரித்தார். திரையை இவரே இழுத்துவிட்டார். அலமாரியிலிருந்து பழைய ஏட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி சாட்சி சொல்லணும்ங்கறா. ஆறு வருஷம் லேட்டு. கேளுங்க" என்றார்.

கேட்டார்கள். பிறை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எப்படி. சொன்னேன். பனங்காட்டுக்கு மேலே ஒரு சாண், கொம்பு மேலே பார்த்து, தெற்கே கொஞ்சம் சாய்ந்து. ஆறு வருஷமாகக் கண்ணை மூடினால் அதுதானே தெரிகிறது.

"அன்னைக்கு ஏம்மா சொல்லல?" என்றார் இமாம்.

"இவஹ அறிவிச்சிட்டாஹ ஹஜ்ரத். நான் பார்த்தேன்னு சொன்னா இவஹளை ஊரு சிரிக்கும்னு பயந்தேன். என் தங்கச்சியை ஊரு தூத்தும்னு யோசிக்கல. அவ சொன்னது அத்தனையும் உண்மை."

திரைக்கு அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. இவர்தான் எழுதினார். தன் கையாலேயே 'பொய்ச்சாட்சி' என்ற வரியை அடித்து, பக்கத்தில் 'மெய்' என்று எழுதி, 'அவசரத்தில் அறிவித்தது என் தவறு' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளில் பாக்கர் பெயரை ஏற்றினார். அதற்கடுத்த தாளில் ஹஃப்ஸாவுக்குக் கடிதம். எல்லாம் முடிந்தபின் ஏட்டை இமாம் பக்கம் நகர்த்தினார். "இனிமே வேற யாரையாவது வைங்க. நான் கடற்கரைக்கு வந்து பார்த்துட்டுப் போறேன்." அவர்கள் வேண்டாம் என்றார்கள். இவர் கேட்கவில்லை.

எல்லோரும் போனபின் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வழியாகத் தெருவைச் சுற்றிப் போவார் என்று நினைத்தேன். அடுப்படிக்குள் வந்தார், குனிந்து அந்தக் கதவைத் தாண்டினார். அந்தப் பக்கம் பாக்கர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு இவர் அவரிடம் பேசிய முதல் வார்த்தை:

"பாக்கர், கூடத்து ஃபேன் சத்தம் போடுது."

பாக்கர் நிமிர்ந்து பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். "மூணு வருஷமா போடுது காக்கா. நீங்க வெளிய போகவே மாட்டேங்குறீங்க" என்றார். அப்புறம் இரண்டு கிழங்களும் அழுததை நான் எழுதப்போவதில்லை.

மர்ஜானாவிடம் போனேன். வாய் திறக்கும் முன்னே அழுதுவிட்டேன். "எனக்கு மன்னிப்பு வேணும்டி" என்றேன்.

"எப்பவோ கொடுத்தாச்சு லாத்தா." கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு ஊரே நோன்பு வச்சுது. காலையில நீ இந்த அடுப்படியில முந்தானையைத் தலைக்கு மேல இழுத்துப் போட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்ச. பெருநாளன்னைக்கு நோன்பு இருக்கக்கூடாதுன்னு. நான் கதவுல நின்னு பார்த்தேன். நீ வாயால மறைச்சாலும் மனசால என் பக்கம்தான்னு அதைவிடச் சாட்சி எனக்கு வேணுமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். "அப்ப ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன்னைப் பொய்க்காரிம்பாஹ. என்னை ஏற்கெனவே சொல்லியாச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு பொய்க்காரி போதும்னு விட்டுட்டேன்."

2 ஜூலை, ஞாயிறு

ஹஃப்ஸா கல்யாணம் நன்றாக முடிந்தது. பெரிய பள்ளி இமாம் நிக்காஹ் ஓதினார், புதுப் பள்ளி இமாம் துஆ செய்தார். நவ்ஃபல் மதுரையிலிருந்து வீடியோவில் பார்த்தான். முஜம்மில் அந்தச் சவூதிக்காரரின் முசல்லாவை மாடியறையில் விரித்திருக்கிறான்.

ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும், ஆறு வருஷம் அவள் பொறுத்தாள். ஆறு நாள் நான் பொறுக்கமாட்டேனா? வேலையில் நா வறண்டு போயிருந்தது. மர்ஜானா பார்த்துவிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளாமல் அதை முழுக்கக் குடித்தேன்.

இன்றைய பக்கத்தில் ஷவ்வால் 8 என்று அச்சாகியிருக்கிறது. இவர் பேனாவை எடுத்தார். அடிக்கவில்லை, பக்கத்தில் 7 என்று எழுதினார்.